நல்ல கையைக் கட்டிப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை. எட்டு மாதம் முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. இப்போது நடக்கிறார், ஆனால் எல்லாவற்றுக்கும் இடது கைதான். ஆறு மாதம் தாண்டினால் கை விளங்காது என்கிறார்கள். நல்ல கையைக் கட்டிவைத்தால் மற்ற கை வேலை செய்யும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: முதலில் நான் கேட்கிறேன், அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது யார், சோறு பிசைந்து கொடுப்பது யார்? நீங்கள்தான் என்றால் (பாசத்தில்தான் செய்வீர்கள், தெரியும்) அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் போகிறது.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர், குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும் வெட்டிப் பார்த்தார். அசைக்கிற நரம்புகள் அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையைச் சும்மா தொங்கவிட்டது. நல்ல கையைக் கட்டியதும் வேறு வழியில்லாமல் அதே கையை நீட்டித் தீனி எடுத்தது. ஆரம்பத்தில் முயன்று முயன்று தோற்றதில் 'இந்தக் கை ஆகாது' என்று மூளை பழகிவிடுகிறது, பிறகு முடிகிற காலம் வந்தாலும் முயல்வதில்லை. குரங்குகளை வைத்திருந்த விதத்துக்காக 1981-இல் அவர் ஆய்வகத்தில் போலீஸ் சோதனை, வழக்கு எல்லாம் நடந்தது. அதைப் படித்தால் எனக்கும் மனசு ஒப்பாது, ஆனாலும் உங்கள் கேள்விக்கான பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்புறம் மனிதர்களிடம் வந்தார்கள். 1993-இல் டாப் வெளியிட்ட சிறிய ஆய்வில் பக்கவாதம் வந்து ஒரு வருடம் தாண்டியவர்களுக்கே கை முன்னேறியது. 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 222 பேர், எல்லாருக்கும் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆகியிருந்தது, கிட்டத்தட்ட உங்கள் அப்பா மாதிரி. அவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, தினம் ஆறு மணி நேரம் வரை மற்ற கையால் பயிற்சி செய்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கை நன்றாகத் தேறியது, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. ஆகவே ஆறு மாதக் கணக்கை விடுங்கள்.

ஆனால் வீடியோவைப் பார்த்துக் கயிறு எடுத்துவிடாதீர்கள்! கையுறைதான், கட்டு இல்லை. கீழே விழப்போனால் சுவரைப் பிடிக்க அந்தக் கை வேண்டும், அதனால் நடக்கும்போதும் படி இறங்கும்போதும் கழற்றிவிட வேண்டும். இன்னொன்று, விழுந்த கையில் கொஞ்சமாவது உயிர் இருக்க வேண்டும். மணிக்கட்டைத் தானாக 10 டிகிரி மேலே தூக்கவும், கட்டைவிரலோடு இன்னும் இரண்டு விரலை அதே அளவு விரிக்கவும் முடிகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும். அதுகூட இல்லாத கைக்கு இந்த முறை சரிப்படாது, ஆளுக்கு வெறுப்புதான் மிஞ்சும்.

முடிகிறது என்றால், பந்தை அமுக்கச் சொல்வதைவிட அவருக்குத் தெரிந்த வேலையைக் கொடுங்கள். சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை இழுத்துப் பிரிப்பதைவிட நல்ல விரல் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கத்தி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: வர்ம ஆசானிடம் தடவினால் கை வந்துவிடுமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: தடவும்போது இறுக்கம் தளர்ந்து சுகமாக இருக்கலாம், அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கை திரும்ப வருவது பக்கவாதம் வந்தவரே முயன்று அசைப்பதில்தான். தோளைப் பிடித்து இழுக்க மட்டும் விடாதீர்கள், பக்கவாதத்தில் தசை தளர்ந்த தோள் மூட்டு சுலபமாக நழுவும். இனி யாருக்காவது திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறினால் எண்ணெயைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.