ஃபீஸ் வாங்காத டாக்டருக்கு

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கிறேன். 2025 மே மாதம், பாகிஸ்தானோடு சண்டை நடந்த நேரம். ஒரு பெரியவர் நெஞ்சு வலி என்று தனியாக வந்தார். பேச்சுவாக்கில், மகளைக் கராச்சியில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஆட்டோ பிடிச்சு ஸ்டான்லிக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டேன். ஃபீஸ்கூட வாங்கவில்லை. என் அப்பா 1971 போரில் இருந்தவர். நாட்டை முதலில் நினைத்தது தப்பா? அன்றிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பதில்: ஃபீஸ் வாங்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் வாங்கவில்லை? வைத்தியம் பார்த்திருந்தால் வாங்கியிருப்பீர்கள். பார்க்கவில்லை என்பது அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் என்னிடம் எதற்குத் தப்பா சரியா என்று கேட்கிறீர்கள்?

ஸ்டான்லிக்கு அனுப்பியதைக் குறை சொல்ல மாட்டேன். மாரடைப்பு என்றால் பெரிய ஆஸ்பத்திரிதான். ஆனால் நெஞ்சு வலி என்று வந்தவருக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? மிஷின் இல்லையா, சரி. ஒரு ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுத்து, சீட்டில் நாலு வரி எழுதி, 108-க்குப் போன் போட்டு, வண்டி வரும்வரை பக்கத்தில் நின்றிருக்கலாமே! யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் உங்களை விடுகின்றன. அவசரம் என்று வந்துவிட்டால் விடுவதில்லை.

நடுவில் அப்பாவை வேறு இழுத்திருக்கிறீர்கள். அவரையே கேளுங்களேன். 1971-ல் கிழக்கு பாகிஸ்தானில் நம்மிடம் சரணடைந்தவர்கள் சுமார் 93,000 பேர். அவர்களில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டது யார்? நம் பட்டாளத்து டாக்டர்கள். யாரை முதலில் பார்ப்பது என்பதை நோயின் அவசரம் மட்டுமே முடிவு செய்யலாம் என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம். துப்பாக்கி பிடித்து நம்மைச் சுட்டவனுக்கே அதுதான் கணக்கு. இவர் என்ன செய்தார்? பெண்ணைத் தூரத்தில் கொடுத்துவிட்டு, அங்கே குண்டு விழுகிறது என்று கேட்டுத் தூங்காமல் கிடந்த அப்பனுக்கு நெஞ்சு வலிக்காதா?

உங்கள் மனைவி பேசாமலிருப்பது நியாயம். சமாதானம் செய்ய என்னிடம் வழி கேட்காதீர்கள்.

இவ்வளவு எழுதினீர்களே, அந்த மனுஷர் ஸ்டான்லி போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு வரி உண்டா? டோக்கன் நோட்டில் அவருடைய போன் நம்பர் இருக்கும். இன்றைக்கே தேடி எடுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். வாசலிலேயே நிற்கவைத்து யாராவது திட்டினால், பதில் பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.