வாசகர் கேள்வி: புளோரீன் இருந்தும் முனைவு குறைவது ஏன்?

கேள்வி: மின்னெதிர்த்தன்மை (பிணைப்பு இலத்திரன்களைத் தன் பக்கம் இழுக்கும் ஆற்றல்) வித்தியாசம் கூடினால் முனைவுத்தன்மையும் கூடும் என்று படித்தோம். ஆனால் அமோனியாவின் இருமுனைவுத் திருப்பம் (முனைவுத்தன்மையின் அளவு) 1.47 டிபாய், நைதரசன் முப்புளோரைட்டுக்கோ 0.23 தான். ஏன்?
— உயர்தர மாணவி, கல்முனை

பதில்: நீங்கள் படித்தது ஒரு பிணைப்புக்குச் சரி. நைதரசனுக்கும் ஐதரசனுக்கும் வித்தியாசம் 0.8, நைதரசனுக்கும் புளோரீனுக்கும் 1.0. ஆனால் இருமுனைவுத் திருப்பம் முழு மூலக்கூறுக்கும் உரியது, அதற்குத் திசையும் உண்டு. நைதரசனின் உச்சியில் இருக்கும் தனிச்சோடியையும் (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடி) அதில் சேர்க்க வேண்டும்.

பலர் சறுக்குவது லூயி கட்டமைப்பிலேயே (இலத்திரன் சோடிகளைக் காட்டும் வரைபு). முப்புளோரைட்டில் வலுவளவு (வெளியோட்டு) இலத்திரன்கள் 5 + 21 = 26, அதாவது 13 சோடி. பிணைப்புக்கு மூன்று, புளோரீன்களுக்கு ஒன்பது போக மிஞ்சும் ஒன்று நைதரசனுக்கு. அதை மறந்தால் தள முக்கோணம் வரும், திருப்பமும் பூச்சியமாகிவிடும்.

கையால் செய்து பாருங்கள். சின்னக் குரும்பட்டி ஒன்றில் மூன்று ஈர்க்கைக் குத்தி, முக்காலி போல மேசையில் நிறுத்துங்கள். குரும்பட்டியின் நடுவிலிருந்து ஒவ்வொரு நுனிக்கும் 8 சென்ரிமீற்றர் இருக்கட்டும். நுனிகளுக்கிடையே 12.9 சென்ரிமீற்றர் விட்டால் கோணம் ஏறத்தாழ 107 பாகை: அமோனியா. 12.4 ஆக நெருக்கினால் 102 பாகை: முப்புளோரைட்டு. புளோரீன் பிணைப்புச் சோடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நைதரசனுக்கு அருகே அவற்றின் தள்ளுகை குறைகிறது, கோணமும் ஒடுங்குகிறது.

இனி உச்சியில் நேராக நான்காவது ஈர்க்கைக் குத்துங்கள். அதுதான் தனிச்சோடி. அமோனியாவில் மூன்று பிணைப்புகளும் இலத்திரனை நைதரசனை நோக்கி, மேலே தள்ளுகின்றன. தனிச்சோடியும் மேலேதான், ஆகவே இரண்டும் கூடும். முப்புளோரைட்டில் பிணைப்புகள் கீழே இழுக்க, தனிச்சோடி மேலே நிற்கிறது. பெரும்பகுதி வெட்டுப்பட்டு 0.23 மட்டும் மிஞ்சுகிறது.

வடிவத்தின் பெயரை எழுதும்போது அந்த நான்காவது ஈர்க்கை எண்ணாதீர்கள். சோடிகளின் அமைவுதான் நான்முகி, மூலக்கூற்றின் வடிவம் முக்கோணக் கூம்பகம்.

கேள்வி: ஒட்சிசனைவிட நைதரசனுக்கு முதலாம் அயனாக்கற் சக்தி (முதல் இலத்திரனைக் கழற்றத் தேவையான சக்தி) கூட இருப்பது எப்படி?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: நைதரசனுக்கு மூலுக்கு 1402 கிலோயூல், ஒட்சிசனுக்கு 1314. நைதரசனின் மூன்று பீ ஓபிற்றல்களிலும் (இலத்திரன்கள் இருக்கும் வெளிகள்) ஒவ்வொரு இலத்திரன். ஒட்சிசனில் நான்காவது இலத்திரன் ஒன்றோடு சோடி சேர்ந்து தள்ளுகைக்கு உள்ளாவதால் இலகுவில் கழன்றுவிடும். பொசுபரசு, கந்தகத்திலும் இதே கதைதான். இந்த விலகலை மின்னெதிர்த்தன்மைக்கும் கொண்டுபோய்ப் பூட்டாதீர்கள். அங்கே நைதரசன் 3.0, ஒட்சிசன் 3.4 என்று ஒழுங்காகவே ஏறுகிறது.