ஆட்சி பரவிய வேகமும் மதம் பரவிய வேகமும்

கேள்வி: இஸ்லாம் தோன்றிய நூறு ஆண்டுகளுக்குள் அரேபியாவிலிருந்து ஸ்பெயின்வரை பரவிவிட்டது. வாள்முனையில் மதம் மாற்றாமல் இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியம்? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லவும்.

– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சுற்றி வளைக்காமலே சொல்கிறேன். உங்கள் ஆண்டுக்கணக்கு சரி. எது பரவியது என்பதில்தான் பிழை இருக்கிறது. 610ஆம் ஆண்டை ஒட்டி மக்காவில் நபிகள் நாயகத்தின் அழைப்பு தொடங்கியது. 711இல் முஸ்லிம் தளபதி தாரிக் இப்னு ஸியாதின் படை ஸ்பெயினில் இறங்கியது. இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் அத்தனை தூரம் சென்றது அரபு முஸ்லிம்களின் ஆட்சி. அந்த ஆட்சியின்கீழ் வந்த சிரியர், எகிப்தியர், பாரசீகர் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் அப்போதும் கிறிஸ்தவர்களாகவோ யூதர்களாகவோ பழைய பாரசீக மதமான ஜொராஸ்டிரியச் சமயத்தவராகவோதான் இருந்தார்கள். 642இல் முழுமையாக அரபு ஆட்சிக்குள் வந்த எகிப்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஆட்சியைக் கொண்டுசென்றது படைதான். இதை மூடி மறைக்க விரும்பும் அன்பர்களும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டுகிறேன். 632இல் நபிகள் நாயகம் காலமானதும் பல அரபுக் குலங்கள் முஸ்லிம் அரசின் தலைநகரான மதீனாவுக்கு ஸகாத் என்னும் கட்டாயக் கொடையைச் செலுத்த மறுத்தன. சில குலங்கள் வேறு தீர்க்கதரிசிகளின் பின்னே சென்றன. நபிகளுக்குப் பின் முஸ்லிம்களின் தலைவரான முதல் கலீபா அபூபக்கர் அவற்றோடு போரிட்டு அடக்கினார். அரேபியாவுக்குள் இஸ்லாத்தை ஏற்பதும் மதீனாவின் தலைமைக்குக் கட்டுப்படுவதும் ஒன்றாகவே கருதப்பட்டதால், அங்கே நம்பிக்கை எது, அரசியல் எது என்று பிரித்துக் காட்ட இயலாது. உங்கள் வாதத்துக்குச் சற்று வலு இருப்பது இந்த ஓரிடத்தில்தான்.

அரேபியாவுக்கு வெளியே படைகள் கண்ட வெற்றிக்குக் காரணங்கள் எதிரிகளின் நிலையிலேயே இருந்தன. கிழக்கு ரோமப் பேரரசும் சாசானியப் பாரசீகமும் 602 முதல் 628வரை ஒன்றையொன்று அழிக்கப் போரிட்டு ஓய்ந்திருந்தன. 614இல் பாரசீகர் ஜெருசலேமைச் சூறையாடினார்கள். பின்னர் கிழக்கு ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் பாரசீகத்தின் உள்நாடுவரை படையெடுத்துச் சென்றார். 628இல் பாரசீக மன்னர் இரண்டாம் கொஸ்ரோ சொந்த நாட்டவராலேயே கொல்லப்பட்டபின் நான்கே ஆண்டுகளில் அங்கே அரியணை பல கை மாறியது. இதற்கு மேல், 451இல் ஆயர்கள் கூடிய கால்சிடான் சங்கம் கிறிஸ்துவின் இயல்பு பற்றி வகுத்த கோட்பாட்டை ஏற்க மறுத்த எகிப்திய, சிரியக் கிறிஸ்தவர்களைப் பேரரசின் திருச்சபை துன்புறுத்திவந்தது. எகிப்தில் தலைமறைவாக வாழ்ந்த காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ) மறைமுதல்வர் பெஞ்சமின் தம் இருக்கைக்குத் திரும்பியது, நாட்டை வென்ற அரபுத் தளபதி அம்ர் இப்னுல் ஆஸ் அளித்த பாதுகாப்பில்தான். இதை வைத்து எகிப்தியர் எல்லோரும் அரபுப் படையை மாலையிட்டு வரவேற்றார்கள் என்று எழுதிவிடவும் கூடாது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த நிகியூ நகரத்து ஆயர் யோவான், தம் ஊரில் அப்படை செய்த கொலைகளையும் பதிவு செய்திருக்கிறார்.

வென்ற நாடுகளில் என்ன நடந்தது என்பதே உங்கள் கேள்விக்கு உண்மையான விடை. இரண்டாம் கலீபா உமர் அரபு வீரர்களைக் கூஃபா, பஸ்ரா, ஃபுஸ்தாத் போன்ற புதிய பாளைய நகரங்களில் தனியே குடியமர்த்தினார். அவர்களுக்கான உதவித்தொகை உள்ளூர் மக்கள் செலுத்திய நிலவரியிலிருந்தும், முஸ்லிம் அல்லாதோர் செலுத்திய ஜிஸ்யா என்னும் தலைவரியிலிருந்தும் வந்தது. கலீபா அப்துல் மலிக் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு மொழிக்கு மாற்றும்வரை டமாஸ்கஸின் வரிக்கணக்கு கிரேக்கத்திலும் ஈராக்கின் கணக்கு பாரசீகத்திலும் எழுதப்பட்டன. எழுதியவர்களும் பழைய அதிகாரிகளே. இந்த ஏற்பாட்டில் குடிமக்கள் கூட்டம் கூட்டமாக முஸ்லிமானால் கருவூலத்துக்கு இழப்பு. ஆகவே மதம் மாற வந்தவர்களை ஆட்சியாளர்கள் பல இடங்களில் தடுத்தார்கள் என்பது பலரும் அறியாத செய்தி. மாறியவர் ஓர் அரபுக் குலத்தைச் சார்ந்து 'மவாலி' என்ற இரண்டாம் நிலையில்தான் வாழ முடிந்தது. ஈராக்கின் ஆளுநர் அல்-ஹஜ்ஜாஜ், இஸ்லாத்தை ஏற்று நகரங்களுக்கு வந்த விவசாயிகளைக் கிராமங்களுக்கே விரட்டிப் பழைய வரியை வசூலித்தார். 717இல் கலீபாவான இரண்டாம் உமர் (முன்பு சொன்ன உமர் அல்லர்), மாறியவர்களிடம் ஜிஸ்யா வாங்கக் கூடாது என்று ஆணையிட்டார்; வரிக்குப் பயந்து மாறுகிறார்கள், சுன்னத் செய்திருக்கிறார்களா என்று சோதிக்கலாம் என்ற யோசனை பாரசீகத்தின் வடகிழக்கிலுள்ள குராசானில் எழுந்தபோது, இறைவன் முகம்மதை அழைப்பாளராகத்தான் அனுப்பினான், சுன்னத் செய்பவராக அனுப்பவில்லை என்று அவர் பதில் எழுதியதாக அரபு வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். அவருக்குப் பின் 728ஐ ஒட்டிக் குராசான் ஆளுநர் அஷ்ரஸ், சமர்கந்துப் பகுதியின் சொக்தியர்களிடம் முஸ்லிமானால் ஜிஸ்யா இல்லை என்று அறிவித்தார், மக்கள் திரளாக மாறியதும் வருவாய் குறைவதைக் கண்டு மீண்டும் வரி விதித்தார், சொக்தியர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய முஸ்லிம்களின் இத்தகைய மனக்குறைகள்தாம் 750இல், அதுவரை கலீபாக்களாக ஆண்ட உமய்யா வம்சத்தின் ஆட்சியை வீழ்த்திய குராசான் புரட்சிக்கு வலிமை சேர்த்தன. வாள்முனையில் மதம் மாற்றுவதே அந்த அரசின் நோக்கமென்றால், மாற வந்தவனிடம் வரி கேட்டு அவனைக் கலகக்காரனாக்கியிருக்காது.

நெருக்கடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. தலைவரி ஏழைக்குச் சுமை. பதவியும் மதிப்பும் முஸ்லிமுக்கே எளிதாகக் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக இவை மனிதரை அசைக்கும். நேரடிக் கட்டாயமும் சில காலங்களில் நடந்தது: 12ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவையும் ஸ்பெயினையும் ஆண்ட அல்மொஹத் வம்சத்தினர் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் மதம் மாறவோ வெளியேறவோ கட்டாயப்படுத்தினார்கள். ஆனால் அது நீங்கள் கேட்ட முதல் நூற்றாண்டுக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. அதற்குள் அந்நாடுகளின் மக்களில் பெரும்பாலோர் முஸ்லிமாகிவிட்டிருந்தார்கள்.

நீங்கள் குறிப்பிட்ட ஸ்பெயினையே எடுத்துக்கொள்ளுங்கள். அரபு ஆட்சி வந்து ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தலைநகர் கொர்தோபாவில் ஆயர் இருந்தார், மடாலயங்கள் இருந்தன. 850களில் அந்நகரில் இஸ்லாத்தைப் பகிரங்கமாக இழித்துப் பேசிய கிறிஸ்தவர்கள் பலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, அது கொடியதுதான். அதே காலத்தில், 854ஐ ஒட்டி, அந்நகரத்துக் கிறிஸ்தவரான ஆல்வாரஸ் தம் சமய இளைஞர்களைப் பற்றி ஒரு புலம்பல் எழுதினார்: அவர்கள் அரபுக் கவிதைகளை விரும்பிப் படிக்கிறார்கள், அரபு நூல்களைப் பெரும்பொருள் கொடுத்துச் சேர்க்கிறார்கள், ஆனால் நண்பனுக்கு லத்தீனில் ஒரு கடிதம் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை என்று. அவர் குறைசொன்ன அந்த இளைஞர்கள் அப்போதும் கிறிஸ்தவர்கள்தாம்.