மீன் எலும்புக்கூட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் கடல் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு மீன் எலும்புக்கூடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு செப்பிலியைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். தலை முழுக்கத் துண்டு துண்டாகக் கழன்றுவிட்டது. கல்லூரிகளுக்கு மாதிரிகள் சப்ளை செய்யும் ஒருவர், கண்ணாடிப் பெட்டியில் ஒட்டி, பெயரெல்லாம் எழுதி 3,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கெளுத்தி என்றால் விலை குறைவாம். குட்டிச் சுறா, சுறாவுக்கு உறவான உழுவை மீன்கூடக் கிடைக்குமாம். 500 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா? கழன்றுபோன மீனை இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: வாங்காதீர்கள். கழன்றுபோன தலையையும் எறிந்துவிடாதீர்கள். ஏற்கெனவே எறிந்திருந்தால் காலையில் ஏலக்கூடத்துக்குப் போய் இன்னொரு செப்பிலி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் விலையில் அதெல்லாம் எந்த மூலைக்கு?

தலை கழன்றதற்கு நீங்கள் காரணம் அல்ல. நம் மண்டை ஓட்டில் பெரும்பாலான எலும்புகள் பொருந்தி இறுகியிருக்கும். செப்பிலி போன்ற மீனின் தலையில் மூளையைச் சுற்றியுள்ள பெட்டி மட்டும்தான் அப்படி. தாடை, கன்னம், செவுள்மூடி, நாக்குக்கு அடியில் இருக்கும் எலும்புகள் எல்லாம் தோலாலும் தசைநாராலும் சேர்ந்து நிற்பவை. இரை பக்கத்தில் வந்ததும் மீன் வாயை முன்னே நீட்டி, தொண்டையை விரித்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்தால்தான் அது நடக்கும். நகர்வதற்காக அமைந்தவற்றைக் கட்டிவைத்திருக்கும் நார் கொலாஜன் என்ற புரதம். கொதிநீரில் அது கூழாகிக் கரைந்துவிடும், அவ்வளவுதான் நடந்தது. அந்தத் துண்டுகளை வரிசையாக அடுக்கத் தெரிந்தால் உங்கள் வகுப்பில் மீன் தலையைப் புரிந்துகொண்ட முதல் ஆள் நீங்கள்தான்.

ஆனால் தேர்வு முறை அதைக் கேட்பதில்லை. மேசையில் ஸ்பாட்டர் என்ற மாதிரியை வைத்து, இரண்டு நிமிடத்தில் பெயர் எழுதச் சொல்லி, மணி அடிக்கிறார்கள். பளபளவென்று ஒட்டிய பெட்டி அந்த மேசைக்கு வசதி. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் வகுப்புகளில் உயிரினங்களை அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னது. வகுப்புக்காக உயிர்களைக் கொன்று குவிக்கக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது. அதற்குப் பிறகு பல துறைகள் செய்தது என்ன? கொண்டுவர வேண்டிய மாதிரிகளின் பட்டியலைத் தட்டச்சு செய்து மாணவர் கையில் கொடுத்துவிட்டு, எங்கே வாங்குவது என்று கேட்டால் ஒரு செல்பேசி எண்ணைத் தருகிறார்கள். சாப்பாட்டுக்காகச் சந்தைக்கு வந்த மீனின் முள்ளைக் கழுவி எடுத்து வரலாமா என்று உங்கள் துறைத் தலைவரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். மறுக்கக் காரணம் இருக்காது.

இனி பெட்டிக்கு வருகிறேன். நான் பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே மீனின் எலும்புகள் இல்லை. உடல் ஒன்று, வால் ஒன்று, தாடை எங்கிருந்தோ வந்தது. கண்டுபிடிப்பது எளிது. செப்பிலிக்கும் விளைமீனுக்கும் முதுகெலும்புக் கணுக்கள் 24: விலா இருக்கும் முன்பகுதியில் 10, வால்பகுதியில் 14. அயிலைக்கு 31. நாடா போல நீண்ட கடல் வாளைக்கு நூற்றைம்பதைத் தாண்டும். செப்பிலி என்று சீட்டு ஒட்டிய பெட்டியில் 24 இல்லையென்றால் அது செப்பிலி இல்லை, அல்லது முழுதாக இல்லை. செவுள் வளைவுகளும் தொண்டைக்குள் இருக்கும் பற்களும் பெட்டிகளில் அநேகமாக இருக்கவே இருக்காது. நேரம் பிடிக்கும் வேலை என்பதால் குப்பைக்குப் போயிருக்கும். மீன் எதை எப்படித் தின்கிறது என்று சொல்லும் எலும்புகளே அவைதான்.

விலை குறைவாகக் கெளுத்தி தருகிறேன் என்றாரே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாறுபவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். கடல் கெளுத்தியின் தலை வேகவைத்தாலும் கழலாது. மேல் எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து கவசம் மாதிரி இறுகியிருக்கும். விற்பவருக்கு அதைவிட லாபமான மீன் கிடையாது: கொதிக்கவைத்து, தேய்த்து, வார்னிஷ் அடித்தால் முடிந்தது. அமெரிக்கக் கரையோரங்களில் கெளுத்தி மண்டையின் அடிப்பக்கம் சிலுவையில் அறைந்த உருவம் போலத் தெரிகிறது என்று அதைச் சிலுவை மீன் என்று பயணிகளுக்கு விற்பதுண்டு. குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரும். உள்ளே இருக்கும் காதுக்கற்கள் அவை. வேடிக்கைப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். மீனின் உடலமைப்பைப் படிக்கத் தொடங்குபவருக்கு அது தப்பான முதல் பாடம். பாடநூல் செவுள்மூடியில் நான்கு எலும்புகள் என்று சொல்லும்: ஓபர்கிள், பிரிஓபர்கிள், சப்ஓபர்கிள், இன்டர்ஓபர்கிள். கெளுத்தி இனத்தில் சப்ஓபர்கிள் கிடையாது. ஆனாலும் பெட்டியில் நான்கு சீட்டு ஒட்டியிருக்கும். நீங்களும் நான்கு என்று ரெக்கார்டில் வரைந்துவிடுவீர்கள். முதுகெலும்பின் முன்கணுக்கள் சில ஒட்டிப்போயிருக்கும் என்பதால் எண்ணிக்கையும் உதைக்கும். அந்த இடத்திலேயே காற்றுப்பையின் அதிர்வைக் காதுக்குக் கடத்தும் சிற்றெலும்புகள் இருக்கின்றன, வெபரியன் எலும்புகள் என்று படித்திருப்பீர்கள். கெண்டைக்கும் உண்டு, செப்பிலிக்கோ விளைமீனுக்கோ இல்லை. காதுக்கல்லிலும் இதே கதை. பெரும்பாலான மீன்களில் சஜிட்டா என்ற கல்தான் பெரிது; கத்தாளையில் அது கைவிரல் நகம் அளவுக்கு வளரும். கடல் கெளுத்தியிலோ லாபில்லஸ் என்ற வேறொரு கல் பெரிது. ஆக, கெளுத்தியை மூன்றாவது மீனாகப் படியுங்கள், வேறுபாடு புரியும். முதல் மீனாகப் படித்தால் விதிவிலக்கே விதியாகப் பதிந்துவிடும். நீங்களே சுத்தம் செய்வதானால் முதுகிலும் பக்கச் செட்டைகளிலும் இருக்கும் ரம்ப முள்ளை முதலில் துணி சுற்றிப் பிடியுங்கள். செத்த மீனின் முள் குத்தினாலும் கடுக்கும்.

சுறாவும் உழுவையும் வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு எலும்பே இல்லை, குருத்தெலும்புதான். காய்ந்தால் சுருங்கிக் கோணிப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் பெட்டிச்சுறா என்று சொல்கிற திமிங்கலச் சுறா, ரம்ப மூக்குள்ள வேளா, உழுவையில் ஒரு வகை, கடல்குதிரைகள் எல்லாம் சேர்ந்தன. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் புதிய பட்டியல்கள் நடைமுறையில் இருக்கின்றன. ஆய்வகச் சுவரில் லேமினேட் செய்து தொங்குகிற பழைய அட்டையை நம்பாதீர்கள். பட்டியலில் உள்ளவற்றின் காய்ந்த துண்டை வைத்திருந்தாலும் குற்றம்தான். உழுவையில் எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று முழு மீனைப் பார்த்தே பலருக்குச் சொல்ல வராது. பெட்டிக்குள் காய்ந்து கிடப்பதை வைத்து வன அலுவலரிடம் நீங்கள் என்ன வாதாடுவீர்கள்? படிப்புக்காக வாங்கினேன் என்ற பதில் எடுபடாது. விற்றவர் அப்போது செல்பேசியை எடுக்கமாட்டார்.

சரி, செய்வது எப்படி? அரைக் கிலோவுக்குக் குறையாத செப்பிலியோ விளைமீனோ வாங்குங்கள். மீன் வெட்டுபவரிடம் கொடுக்காதீர்கள். அவர் செவுளை இழுக்கிற வேகத்தில் செவுள் வளைவும், தோள் எலும்பான கிளீத்ரமும் சேர்ந்து போய்விடும். முழு மீனாக எடுத்து வந்து நீளம், எடை குறித்து, இரண்டு பக்கமும் படம் எடுங்கள். மத்தி வேண்டாம், சதைக்குள் இருக்கும் நூல் முள்ளைப் பொறுக்கியே ஒரு வாரம் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தேர்வு அந்தச் சமயம் என்றால் முன்பே வாங்கி ஐஸில் வையுங்கள், இல்லையென்றால் குளத்து ஜிலேபி மீனை வைத்துச் செய்யுங்கள். அதுவும் நல்ல மீன்தான். கல்லூரி ஜாடியில் ஃபார்மலினில் கிடக்கும் மீனை மட்டும் தொடாதீர்கள். சதை ரப்பராகி எலும்பை விடாது. அமிலம் ஏறிய பழைய ஃபார்மலின் சுண்ணாம்புச் சத்தையும் தின்றிருக்கும்.

தலையையும் உடலையும் தனித்தனியாகப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கவே கூடாது. கை பொறுக்காத சூடு வந்ததும் அடுப்பை அணைத்து, உடலை நாலைந்து நிமிடம் அதில் போட்டு எடுங்கள். சதை ஏடு ஏடாகக் கழன்று வரும். கணுக்கள் பிரிவதற்கு முன், தண்டுவடம் போகும் துளை வழியாகத் தூண்டில் நரம்பு ஒன்றைக் கோத்துவிட்டால் வரிசை குலையாது. வால் நுனியில் விசிறி போல் விரிந்த ஹைப்பூரல் தட்டுகளைப் பிரிக்காமல் விட்டுவிடுங்கள்.

தலையைத் தண்ணீருக்குள் போட வேண்டாம். இடது பக்கத்தின் மீது மட்டும் கரண்டியால் சுடுநீர் ஊற்றி, வெளியிலிருந்து உள்ளே போங்கள்: கண்ணைச் சுற்றிய சின்ன எலும்புகள், செவுள்மூடி நான்கு, மேல்தாடை இரண்டு, கீழ்த்தாடை, நாக்குக்கு அடியில் இருக்கும் தொண்டை விசிறி, செவுள் வளைவுகள், கடைசியாகக் கிளீத்ரம். ஒவ்வொன்றும் முட்டை அட்டையில் ஒரு குழிக்கு, பென்சிலால் எண் எழுதிய சீட்டோடு. வலது பக்கத்தை அப்படியே வைத்திருங்கள். எது எங்கே இருந்தது என்று குழம்பும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கழன்றுபோன உங்கள் துண்டுகளையும் இப்படித்தான் புது மீனோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்த வேண்டும். விளைமீன் என்றால் தாடையின் ஓரப் பல்லைப் பாருங்கள். பல வகைகளில் அது மொட்டையாக, கடைவாய்ப் பல் போல இருக்கும், சிப்பியையும் நண்டையும் நொறுக்க. செப்பிலிக்குக் கூரான கோரைப்பல். இதை எந்தச் சீட்டும் உங்களுக்குச் சொல்லித் தராது.

வெளுக்க வைக்கிறேன் என்று பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. குளோரின் எலும்பின் புரதத்தைத் தின்னும், இரண்டு மாதத்தில் கையில் மாவாக உதிரும். வினிகரும் எலுமிச்சையும் சுண்ணாம்பைக் கரைக்கும், காதுக்கல் முதலில் போகும். கடையில் இவற்றைச் சிபாரிசு செய்பவர்கள் அந்த எலும்பைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, எண்ணெய் மிதப்பது நிற்கும்வரை நீரை மாற்றுங்கள். எலும்பு மஞ்சளாவது அந்த எண்ணெயால்தான். பிறகு மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று கேட்டால் தரும் ஹைட்ரஜன் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் கலந்தால் சுமார் 3 சதவீதம் வரும். சில மணி நேரம் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பாத்திரத்தை இறுக மூடாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். வலை போட்டு மூடாவிட்டால் எறும்பு சின்ன எலும்புகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பூனையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

உலர்ந்ததும் கறுப்பு அட்டையில் அடுக்கி, நீரில் கரையும் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ போட்டால் தவறைத் திருத்த முடியாது. சீட்டில் உள்ளூர்ப் பெயர், அறிவியல் பெயர், எந்த ஏலக்கூடம், எந்தத் தேதி, நீளம், எடை எல்லாம் இருக்க வேண்டும். அது இல்லாத எலும்பு எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் பயனில்லை.

முன்பண விஷயம். அந்த ஆளிடம் எழுத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: மீனின் அறிவியல் பெயர் என்ன, எங்கே எப்போது கரைக்கு வந்தது, கணுக்கள் எத்தனை. கூடவே பில் கேளுங்கள். பதில் வராமல் போனால் 500 ரூபாயைத் திருப்பிக் கேட்பது சுலபம். தராவிட்டாலும் மீதி 3,000 உங்களிடம்தான் இருக்கிறது. பணத்துக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு கடல்குதிரையோ உழுவை மூக்கோ வைத்துக்கொள்ளுங்கள் என்றால் கைநீட்டி வாங்காதீர்கள்.