போன் வெளியூரில், கம்ப்யூட்டர் வீட்டில்: சிங்க்திங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வெளியூரில் எடுக்கும் படங்கள் அன்றன்றைக்கே வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விட வேண்டும். கிளவுடுக்கு மாதாமாதம் காசு கட்ட விருப்பமில்லை.

பதில்: சிங்க்திங் போதும், இலவசம். கிளவுட் இல்லாமல் உங்கள் கருவிகளுக்கு இடையிலேயே ஃபைல்களை ஒரே மாதிரி வைக்கும் (சிங்க்) மென்பொருள் அது. கம்ப்யூட்டரில் நிறுவி, பிரவுசரில் 127.0.0.1:8384 திறங்கள். அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதற்குப் பதில், எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையில் உள்ள சிங்க்திங்-ஃபோர்க்கைப் போடுங்கள். கம்ப்யூட்டர் காட்டும் க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் அனுமதி கொடுங்கள். கேமரா படங்கள் சேரும் டிசிஐஎம் ஃபோல்டரை போனில் 'சென்ட் ஒன்லி' (அனுப்ப மட்டும்), கம்ப்யூட்டரில் 'ரிசீவ் ஒன்லி' (வாங்க மட்டும்) என்று வையுங்கள். முதல் சிங்க் வீட்டு வைஃபையிலேயே முடியட்டும். பழைய படம் 40 ஜிபி-யை லாட்ஜ் வைஃபையில் ஏற்றினால் புதுப்படங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும்.

கேள்வி: இடம் போதாமல் போனில் படங்களை அழித்தேன். வீட்டிலும் காணோம்!

பதில்: சிங்க் வேறு, பேக்கப் வேறு. இரு பக்கமும் ஒரே மாதிரி வைப்பதுதான் சிங்கின் வேலை, அழிப்பதும் கூடவே போகும். உடனே கேலரியின் டிராஷைப் பாருங்கள்; பெரும்பாலான போன்களில் 30 நாள் இருக்கும். இனிமேலாவது கம்ப்யூட்டர் பக்கம் அந்த ஃபோல்டரின் 'ஃபைல் வெர்ஷனிங்'கில் (அழிந்த, மாறிய ஃபைலின் பழைய பிரதியை வைத்திருக்கும் வசதி) 'டிராஷ் கேன்' போட்டு, நாள் கணக்கை 0 ஆக்குங்கள். போனில் அழித்தது வீட்டில் தனி ஃபோல்டருக்குள் அப்படியே தங்கும். போனில் போட்டால் பயனில்லை: எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் வெர்ஷனிங் வேலை செய்யும். இதைச் செய்யாமல் ஊருக்குக் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

கேள்வி: சிங்க்திங் தானாக ஓட, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டு வந்தேன். மூன்று நாள் நன்றாக ஓடியது, பிறகு 'டிஸ்கனெக்டட்'.

பதில்: மூன்று நாள் என்பதே துப்பு. டாஸ்க் மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடு என்ற டிக் அதன் 'செட்டிங்ஸ்' பகுதியில் தானாகவே விழுந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இப்போதைக்கு வீட்டில் யாரையாவது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டாஸ்க் 'அட் ஸ்டார்ட்அப்'பில், லாகின் இல்லாமலும் ஓடும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்டேட் முடிந்து பாஸ்வேர்டு திரையிலேயே நின்றுவிடும். ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். கரண்ட் போய் வந்தால் தானே எழும்ப, பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்) 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள்.

கேள்வி: 'ரிலே' என்று காட்டி ஆமை வேகத்தில் போகிறதே? நடுவில் யாராவது பார்ப்பார்களா?

பதில்: பார்க்க முடியாது, முழுக்க என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது. நேரடி இணைப்பு கிடைக்காததால் பொது ரிலே (நடுவில் உள்ள சர்வர்) வழியாகச் சுற்றுகிறது. வீட்டு பிராட்பேண்ட் சிஜிநாட்டுக்குப் (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி தரும் முறை) பின்னால் இருந்தால் ரவுட்டரில் சிங்க்திங்கின் 22000 போர்ட்டைத் திறந்தாலும் பலனில்லை. போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் (தனி இணைப்பு) செயலியைப் போட்டு, அது கம்ப்யூட்டருக்குத் தரும் 100-இல் தொடங்கும் முகவரியை, முன்னால் tcp:// சேர்த்து, போன் சிங்க்திங்கில் அந்தக் கம்ப்யூட்டருக்கான 'அட்ரஸ்' கட்டத்தில் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான். ஆபீஸ் விபிஎன் போட்டால் இது துண்டிக்கும்.

கேள்வி: ஸ்கிரீன் அணைந்ததும் நின்றுவிடுகிறது.

பதில்: செயலியின் பேட்டரி செட்டிங்கை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். ஷாவ்மி போனில் 'ஆட்டோஸ்டார்ட்'டும் வேண்டும். மொபைல் டேட்டாவில் நின்றால் செயலியின் 'ரன் கண்டிஷன்ஸ்' (எப்போது ஓடலாம் என்ற செட்டிங்) பாருங்கள்.

கேள்வி: ஐபோனில்?

பதில்: சிங்க்திங்கோடு சேர்ந்து ஓடும் மோபியஸ் சிங்க் என்ற செயலி உண்டு. பின்னணியில் ஐஓஎஸ் அதிக நேரம் ஓடவிடாது. இரவில் சார்ஜில் போட்டு, செயலியைத் திறந்தே வையுங்கள்.