புறா வேண்டாம், மதகை வரையுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். ஏரித் தண்ணீர் முறை வைப்பதில் மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் மூன்று வருடமாகத் தகராறு. போன திருவிழாவில் மைக் செட் விஷயமாகப் பையன்கள் கைகலந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு தெருக்காரர் கடையில் இன்னொரு தெருக்காரர் தீப்பெட்டிகூட வாங்குவதில்லை. இரண்டு தெரு மகளிர் குழுக்களும் சேர்ந்து 15,000 ரூபாய் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் பிள்ளைகளை வைத்துச் சமாதானப் படம் வரையலாம் என்று ஆசை. பலன் இருக்குமா? எங்கிருந்து தொடங்குவது?
– குழுச் செயலாளர் ஒருவர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பலன் இருக்கும், ஆனால் அது சுவரிலிருந்து வராது. சுவரில் எதை வரைவது என்று இரண்டு தெருவும் உட்கார்ந்து பேசுகிற அந்த நாலைந்து வாரத்தில்தான் வரும். அதைத் தாண்டிக் குதித்து நேராகப் பெயின்ட் டப்பாவைத் திறந்தால், கைகுலுக்கும் இரண்டு கைகளும் மேலே ஒரு புறாவும் வரைந்து முடிப்பீர்கள். அடுத்த சண்டையில் முதல் சாணி உருண்டை விழுவது அந்தப் புறா மேல்தான்.

பிள்ளைகளை முன்னால் விடாதீர்கள். பெரியவர்கள் பேசாத வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து வரைந்துவிட்டுப் போனால், வீட்டில் அடி வாங்குவது அவர்கள்தான். பெற்றவர்கள் ஒப்புக்கொண்டு, அவர்களில் சிலராவது கூட நிற்கிற நாளில் பிள்ளைகள் வரட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திருவிழா அடிதடி தொடர்பாக வழக்கு இருந்தால், அதிலும் குறிப்பாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகார் இருந்தால், 'படம் வரைகிறோமே, வழக்கை வாபஸ் வாங்கு' என்று யாரும் யாரையும் நெருக்கக் கூடாது. அடிபட்டவர் வாயை அடைக்கிற வேலைக்குச் சமாதானம் என்று பெயர் வைக்கக் கூடாது. வழக்கு அதன் வழியில் போகட்டும். நீங்கள் தண்ணீர் முறையைப் பற்றி மட்டும் பேசுங்கள். சட்ட ஆலோசனை தேவைப்படுகிறவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச உதவி எண் 15100.

இப்போது வேலைக்கு வருவோம். மதகில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாக இரண்டு மாலை உட்காருங்கள், பெண்களோடு ஒரு மாலை, ஆண்களோடு ஒரு மாலை. 'யார் தப்பு' என்று கேட்டால் பழைய கதை முழுக்கத் திரும்ப வரும். 'உங்க கொல்லிக்குத் தண்ணி எந்தக் கிழமை வருது, எத்தனை மணிக்கு, எது வழியா வருது?' என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து, இரண்டு தெருவும் சேர்கிற ஒரு மாலை. பள்ளி மைதானத்தைச் சாணி தெளித்துப் பெருக்கிவிட்டு, இரண்டு கிலோ கோலமாவில் ஏரியை வரையச் சொல்லுங்கள். கரை, மதகு, வாய்க்கால், கடைமடை எல்லாம் வரட்டும். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, கிணற்றுக்கு ஒரு கல். பெண்கள் கையில் மாவு இருந்தால் வேலை வேகமாக நடக்கும். தரையில் போடுவதற்குக் காரணம் உண்டு. தப்பென்றால் கால் விரலால் தேய்த்துவிட்டு மறுபடி போடலாம், யாருக்கும் மானக்கேடு இல்லை. காகிதத்தில் மையால் போட்டால் அதையே பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். 'வாய்க்கால் இப்படி வளையாது, எங்க புளிய மரத்தைச் சுத்திப் போகும்' என்று ஒருவர் குனிந்து திருத்தும்போது எதிர்த்தெருக்காரர் 'ஆமா, அந்த இடத்துலதான் மண்ணு மேடிடுச்சு' என்று சொன்னாரானால், அதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததற்கு ஆள் காரணம் இல்லை, தூர்தான் காரணம். முடிந்ததும் போட்டோ எடுத்து, பெரிய தாளில் பெயர்த்து, இரண்டு தெருக்காரரும் வந்துபோகும் ரேஷன் கடையில் ஒரு வாரம் மாட்டுங்கள். திருத்தம் சொல்ல ஒரு பென்சிலும் தொங்கட்டும்.

அந்த வரைபடம்தான் உங்கள் சுவரோவியம். ஏரி, மதகு, மா மரம், கேழ்வரகுக் கொல்லி, கடைசிக் கழனி வரை போகும் தண்ணீர், இவை போதும்.

வராத தெருக்காரர்களை இழுக்கக் கூத்தும் உதவும். நம் பக்கத்தில் பாரதக் கூத்து பார்க்காத ஆள் குறைவு. ஒரு மாலை 'கிருஷ்ணன் தூது' மட்டும் ஆடச் சொல்லுங்கள். பாண்டவருக்காக ஐந்து ஊர், அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடு என்று கேட்டு வருகிற இடத்தில் கட்டியக்காரன், அதாவது கூத்தில் கதை சொல்லிக் கேலி பேசுகிறவன், ஆட்டத்தை நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து, 'இந்தச் சபையில நீங்க உட்கார்ந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?' என்று கேட்கட்டும். சொல்ல நினைப்பவர் எழுந்து வந்து விதுரனாகவோ பீஷ்மராகவோ நின்று சொல்லலாம். பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் பார்வையாளரை மேடையேற்றிச் செய்த நாடகமுறையும் ஏறக்குறைய இதுதான். நமக்குக் கட்டியக்காரன் ஏற்கெனவே இருக்கிறான். இரண்டு எச்சரிக்கை: கோயில் பாரதத்தின்போது இதைச் செய்யாதீர்கள், அது வேண்டுதல். 'எந்தத் தெரு கௌரவர்?' என்று ஒருவர் கிண்டலாகத் தொடங்கினாலே ஆட்டத்தை அந்த இடத்தில் முடித்துவிடுங்கள்.

சுவருக்கு வருவோம். 30 அடி நீளம், 7 அடி உயரம் என்று வைத்தால் 210 சதுர அடி. எக்ஸ்டீரியர் பிரைமர் 3 லிட்டர், வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 4 லிட்டர், மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு தலா ஒரு லிட்டர் வேண்டும். வெள்ளையில் ஸ்டெய்னர் (நிறம் ஏற்றும் கலவை) கலந்து சிவப்பு வரவைக்கப் பார்க்காதீர்கள், ரோஸ்தான் வரும். லிட்டருக்கு 30, 40 மில்லிக்கு மேல் ஸ்டெய்னர் ஊற்றினால் காய்ந்ததும் கையில் ஒட்டும். பெயின்ட்டுக்குக் கையிருப்பில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதி தாள், கோலமாவு, கூத்துக் குழுவின் கூலி, டீ ஆகியவற்றுக்கு.

பள்ளிச் சுவரில் பழைய சுண்ணாம்பு இருக்கும். அதன் மேல் எமல்ஷன் பூசினால் அடுத்த மழையில் அப்பளம் மாதிரி கழன்று வரும். கம்பி பிரஷால் தேய்த்து, ஸ்கிராப்பரால் சுரண்டி, கழுவி, இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு பிரைமர். கீழே ஒன்றரை அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்தப் பட்டையில் எதையும் வரையாமல் காவி நிறத்தில் விட்டுவிடுங்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும். பொங்கல் முடிந்து, பிப்ரவரி கடைசியில் பூசினால் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் போயிருக்கும், கோடை வெயிலும் ஏறியிருக்காது. காலை ஆறரை முதல் பத்து, மாலை நாலுக்கு மேல். உச்சி வெயிலில் பூசினால் பிரஷ் கோடு அப்படியே நின்றுவிடும்.

படத்தைப் பெரிதாக்கச் சதுர முறை போதும். தாளில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி. காவி தோய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடித்து அடித்தால் கோடு விழும். கட்டட மேஸ்திரி யாரைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பார். மொத்தம் 210 கட்டம். இதைத் தெருவுக்குப் பாதி என்று பிரிக்காதீர்கள், சுவரே இரண்டாகிவிடும். கட்ட எண்களைச் சீட்டுக் குலுக்கி, தெருவுக்கு ஒருவராகச் சேர்ந்த ஜோடிக்குக் கொடுங்கள். ஜோடிக்கு ஒரே கிண்ணம். ஒரே நேரத்தில் ஏழு ஜோடிக்கு மேல் வேண்டாம், கை இடிக்கும். டீ எல்லாருக்கும் ஒரே வரிசை டம்ளரில். தனி டம்ளர் கேட்டு ஒருவர் வந்தால் அவருக்காக ஏற்பாட்டை மாற்றாதீர்கள்.

நிறத்தில் கவனம். எந்த இரண்டு நிறம் பக்கத்தில் வந்தால் எந்தக் கொடி, எந்தச் சங்கம் என்று உங்கள் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். சுவரில் பட்டை பட்டையாக நிறம் வரும் இடங்களை இரண்டு தெருவிலும் ஒவ்வொரு ஆளிடம் முன்கூட்டியே காட்டுங்கள். தலைவர் படம் வேண்டாம், 'உபயம்' வேண்டாம், பெயர்ப் பட்டியலும் வேண்டாம். பெயர் என்றால் யார் பெயர் முதலில் என்று ஒரு புதுத் தகராறு. பழைய சண்டையில் முன்னால் நின்றவரை வரையலாம் என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். மாடு மீட்டுச் செத்தவனுக்கு நடுகல் நட்ட சீமை இது, தர்மபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். உங்கள் சுவர் நடுகல் இல்லை. பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் ஊராட்சியிடமும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஒவ்வொரு நிறத்திலும் 200 மில்லி மூடி இறுக்கமான டப்பாவில் எடுத்து வையுங்கள். யாராவது சேறு அடித்தால் மறுநாளே ஒரு ஜோடி போய்ச் சரிசெய்ய வேண்டும். சாதி சொல்லித் திட்டி எழுதியிருந்தால் மட்டும் அழிக்காமல் முதலில் போட்டோ எடுத்துப் புகார் கொடுங்கள்.

கடைசியாக, மதகு வரைந்த இடத்துக்குப் பக்கத்தில் 4 அடிக்கு 3 அடி கட்டம் ஒன்றைக் கரும்பலகைப் பெயின்ட்டில் பூசி விடுங்கள். பேசி முடிவான தண்ணீர் முறையை மார்ச் 22 கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள், அன்று உலகத் தண்ணீர் தினம். அதன்பின் வாராவாரம் எந்தக் கிழமை எந்த வாய்க்கால் என்று சாக்பீஸால் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். எழுதுவது ஒரு வாரம் மேலத் தெரு, ஒரு வாரம் கீழத் தெரு. சாக்பீஸ் டப்பா ரேஷன் கடையில் இருக்கட்டும்.