மொனே என்றால் பணமா, சில்லறையா?

கேள்வி: மகள் பாரிஸில் படிக்கிறாள். மூன்று மாதம் அவளோடு தங்கப் போகிறேன். பணத்துக்குப் பிரெஞ்சில் 'அர்ஜான்' என்று புத்தகத்தில் இருக்கிறது. மகளோ, "கடையில் மொனேதான்மா காதில் விழும்" என்கிறாள். எது சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. மொனேயை ஆங்கில 'மணி'யோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவைதான், ஆனால் கடைவாசலில் மொனே என்றால் சில்லறை.

2003இல் நான் பாரிஸுக்குப் போன முதல் வாரம். ரொட்டிக் கடையில் ஒரு பகெத் வாங்கிக்கொண்டு இருபது யூரோ தாளை நீட்டினேன். கல்லாவில் இருந்த அம்மா, "வூ நவே பா லா மொனே?" என்றார். 'உங்களிடம் பணம் இல்லையா' என்று கேட்கிறார் என்றே நினைத்தேன். கையில் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இப்படிக் கேட்கிறாரே என்று சுருக்கென்றது. அவர் ஒன்றும் பேசாமல் கல்லாப்பெட்டியின் தட்டை என் பக்கம் இழுத்துக் காட்டினார். காசு போடும் குழிகள் ஏறக்குறைய காலி. சில்லறை இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார். அன்றைக்கு மனதில் பதிந்த சொல் இன்னும் அப்படியே இருக்கிறது.

மொனேக்கு ஒரு நாட்டின் நாணயம் என்ற பொருளும் உண்டு. செய்தியில் யூரோவை 'மொனே யுனிக்' என்றால், பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே நாணயம். அர்ஜான் என்பது சம்பளம், சேமிப்பு, கடன் என்று பொதுவாகப் பணத்தைப் பேசும்போது வரும். அதன் முதல் பொருள் வெள்ளி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர்கள் பணத்தை 'வெள்ளி' என்று எண்ணுகிறார்கள், பாருங்கள்! இந்தச் சொல் எனக்கு மறக்காமல் போனதே அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சின்னக் காசுகளில் 'யூரோ சென்ட்' என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து 'சென்ட்' என்று சொல்லாதீர்கள். அதே எழுத்துகளைப் பிரெஞ்சில் 'சான்' என்று படிப்பார்கள். அதற்கு நூறு என்று பொருள். ஃபிராங்க் காலத்துச் 'சாந்தீம்' என்ற சொல்லையே மக்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ஃபிராங்க் 2002இல் போய்விட்டது. ஆனாலும் நான் போனபோது என் பக்கத்து வீட்டுப் பெரியவர் எந்த விலையையும் ஆறரையால் பெருக்கிப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு யூரோவுக்கு 6.55957 ஃபிராங்க் என்பது கணக்கு.

அதற்கும் பழைய 'சூ' என்ற காசு வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது. பேச்சில் மட்டும் இருக்கிறது. 'பாஸன் சூ' என்றால் நம் 'சல்லிக்காசு இல்லை'தான்.

சரி, புறப்படும் முன் மகளோடு போனில் "வூ ஸவே லா மொனே?" ('உங்களிடம் சில்லறை இருக்கிறதா?') என்று நாலைந்து தடவை சொல்லிப் பழகுங்கள். 'ஸ' முந்தைய சொல்லோடு ஒட்டி, வண்டு ரீங்கரிப்பதுபோல் வர வேண்டும். எழுத்தில் சொல்ல முடிவது இவ்வளவுதான், மீதியை மகள் திருத்துவாள்.